மொட்டைத் தலைக்கு எத்தனை மார்க்

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டொரு வருடம் இருக்கும். காரைக்காலில் ஆஸ்பத்திரி வார்டு வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். எழுத்துப் பரீட்சை கிடையாது, கைவேலையைத்தான் பார்ப்பார்கள் என்றதால் துணிந்து போனேன். கிடைக்காவிட்டால் மறுபடி கருவாட்டுக் கூடைதான். அதை இனித் தூக்குவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன்.

பரீட்சை இதுதான்: தலைக்குக் கட்டுப் போட வேண்டும். கட்டோடு அந்த ஆள் வராந்தாக் கோடிவரை போய்த் திரும்புவார். கட்டு நின்றால் தேர்வு. தலை கொடுக்க, உடம்பு தேறிய நோயாளிகள் இருவர். ஒருவர் கொண்டை போட்ட மீன்பிடிக்காரர். இன்னொருவர் ஜவுளி வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெரியவர். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக முதல் நாள்தான் தலையை மழித்திருந்தார். வரிசையில் ஒருத்தி கொண்டைக்கு, அடுத்தவள் மொட்டைக்கு.

எதையும் முன்கூட்டியே நினைத்துப் பயப்படுவது என் சுபாவம். வரிசையை எண்ணிப் பார்த்தேன். எனக்கு மொட்டை. எனக்கு முன்னால் மொட்டைக்குக் கட்டிய இருவருடைய கட்டும் பாதி வழியிலேயே வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது. கொண்டைக்குக் கட்டியதெல்லாம் நின்றது.

பரீட்சை நடத்திய டாக்டரிடம் போய், இப்படி வெவ்வேறு தலை கொடுப்பது நியாயமில்லை என்றேன்.

"கட்டு ஒண்ணுதானேம்மா?" என்றார் அவர்.

"தலை ஒண்ணு இல்லீங்களே. கொண்டையில ஜெயிச்சவங்களை மொட்டையில கட்டச் சொல்லிப் பாருங்க. அப்ப தெரியும், எது கஷ்டம்னு."

ஜெயித்திருந்த ஒருத்தி என்னை முறைத்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா என்று காதோடு கேட்டாள். டாக்டர் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். அவள் கட்டும் வழுக்கியது. அடுத்தவள் கட்டியதும் அப்படியே.

டாக்டர் அதுவரை எழுதியிருந்ததை அடித்துவிட்டார். பிறகு, எல்லோரும் இரண்டு தலைக்கும் கட்ட வேண்டும், மொட்டைக்கு இரண்டு பங்கு மார்க், விழுந்தாலும் எவ்வளவு தூரம் தாங்கியது என்று பார்த்துப் போடுவேன் என்றார்.

கொண்டை எனக்கும் நின்றது. பெரியவர் தலைக்கு, தாடைக்கு அடியிலும் ஒரு சுற்றுக் கொடுத்து இறுக்கினேன்.

"பேச முடியலையே புள்ள," என்றார் பல்லைக் கடித்தபடி.

"திரும்பி வந்து பேசுங்க வாப்பா."

அவர் நடந்தார். கட்டு நெற்றிக்கு இறங்கியது, புருவத்துக்கு வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வந்து டாக்டர் முன்னால் நின்றார்.

"கண்ணுதான் தெரியல டாக்டர். கட்டு நிக்குது."

வேலைக்கு எடுத்தவர்களில் நான் கடைசி. அது போதுமாக இருந்தது.