எண்ணிக்கை யார் சொல்வது

உனைசியின் வகுப்பில் நான் பெரும்பாலும் படுத்துத்தான் இருப்பேன். முதியோர் இல்லத்து ஊழியன் நான்; ஒல்லியான ஆள், பேச்சும் குறைவு. தூக்கிப் பழக ஏற்ற உடம்பு என்று என்னை அவர் முதல் வாரமே தேர்ந்தெடுத்துவிட்டார். பிஜித் தீவில் இருக்கும் எங்கள் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மத்தியானப் பாத்திரங்கள் கழுவி முடிந்ததும் ஒரு கட்டிலை இழுத்துப் போடுவார்கள். கரும்பு ஆலை ஓடும் மாதங்களில் ஜன்னல் வழியாகக் கரித்தூள் மிதந்து வந்து என் சட்டையில் உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு, யார் கை என்ன நினைக்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பேன்.

புதிதாக வரும் பராமரிப்பாளர்களுக்கு அவர் முதலில் எதையும் சொல்லித்தரமாட்டார். பலசாலிகளாக இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இவனை மேல இழுத்துத் தலகாணில போடுங்க" என்பார். அவர்கள் என் அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பில் இழுத்துவிடுவார்கள்.

"இப்ப இவனைக் கேளுங்க."

"வலிச்சுது" என்பேன்.

"அரிசி மூட்டை வலிக்குதுன்னு சொல்லாது. இவன் சொல்றான். அவ்வளவுதான் இன்னிக்குப் பாடம். போய் டீ குடிங்க."

மறுநாள்தான் வழுக்குத் துணி வெளியே வரும். குடைத் துணி போல வழவழப்பானது. இரண்டாக மடித்து உடம்புக்கு அடியில் விரித்தால் மேல்மடிப்பு கீழ்மடிப்பின் மேல் நழுவும். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, பின்காலிலிருந்து முன்காலுக்கு உடம்பின் பாரத்தை மாற்றினால் போதும். கைக்கு அங்கே வேலையே இல்லை. படுத்திருப்பவனுக்குத் தன்னை யாரும் இழுத்ததாகத் தோன்றாது. படகு கரையை விட்டு விலகுவதுபோல இருக்கும்.

இலியேசாவுக்கு இது பிடிக்கவில்லை. பா மாவட்டத்து மலைக் கிராமத்துக்காரன், ரக்பி ஆடிய தோள். "டீச்சர், இந்தத் துணியெல்லாம் எதுக்கு? நான் ஒத்தையாவே தூக்கிடுவேன்."

"தூக்குவே. இடுப்பு போனப்புறம் உன்னை யாருடா தூக்குவா? நான் மாட்டேன். நீ தின்னுற தீனிக்கு கிரேன்தான் வரணும்." உனைசி கந்தாவுத் தீவுக்காரர். மலைக்காரனைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "மீன் குடுத்தா முள்ளைத் தின்னுட்டு மீனைத் துப்புற ஆளுங்க, எனக்கு யோசனை சொல்ல வந்துட்டாங்க."

"கந்தாவுக்காரங்க படகுலயே பொறக்குறீங்க, தரையில நிக்கத் தெரியல. அதான் எங்களையும் காலை அகட்டி நிக்கச் சொல்றீங்க."

கூடம் சிரித்தது. எல்லாரையும்விட உனைசிதான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து அவன் காலைத் தன் காலால் தட்டி இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தார்.

அவர் வந்த வழி நீளமானது. நாந்திப் பக்கம் ஒரு சுற்றுலா விடுதியில் படுக்கை விரிக்கும் வேலையில் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய ஊரின் முதியோர் இல்லத்தில் பல வருடங்கள் இருந்தார். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை அங்கே தானாகவே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. நல்ல சம்பளம். அந்த நேரத்தில் ஊரில் அவருடைய அப்பா வாதத்தில் விழுந்தார். நான்கு மகன்களும் அவரைக் கீழே விடவில்லை. தேவாலயத்துக்கு, கடற்கரைக்கு, குளிக்கும் இடத்துக்கு என்று கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கிக் கொண்டுபோனார்கள். உனைசி வந்து இறங்கியபோது அப்பாவின் தோள் மூட்டு இறங்கியிருந்தது.

"அன்பாத்தான் தூக்கினாங்க" என்று ஒருமுறை சொன்னார். "அதுக்கப்புறம் அவர் அந்தக் கையால ஒரு வாய் சாப்பிடல." ஆஸ்திரேலியாவுக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. எந்த வகுப்பும் சரியான நேரத்துக்குத் தொடங்காது. அடுத்தவர் டப்பாவிலிருந்து கேட்காமல் ரொட்டியை எடுப்பார். தான் தவறு செய்தால் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவார். ஷியு சரண் விழுந்த அன்று அப்படித்தான் திரிந்தார்.

ஷியு சரண் கரும்பு ரயில் ஓட்டியவர், எங்களுக்கெல்லாம் ஆஜா, தாத்தா. பக்கவாதம் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு வாயை முழுசாக விட்டுவைத்திருந்தது. ஜூலையில் படுத்தே கிடந்து நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் மீண்டு வந்திருந்தார். தினமும் எழுப்பி உட்கார வையுங்கள், இன்னொரு தடவை அப்படி ஆனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று ஞாயிறு, ஆள் குறைவு. அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இலியேசாவையும் தோரிகா என்ற பெண்ணையும் உனைசி அனுப்பினார். வகுப்பிலேயே நன்றாகக் கற்றுக்கொண்ட இருவர்.

நான் அடுத்த கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தார்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டார்கள். இடுப்புப் பட்டையைக் கட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் கால் அகட்டி, முழங்கால் மடக்கி நின்றார்கள். பிறகு இருவரும் காத்திருந்தார்கள். சேர்ந்து தூக்க ஒருவர் மூன்று வரை எண்ண வேண்டும். யாரும் எண்ணவில்லை. யாரும் யாரையும் பார்க்கக்கூட இல்லை. இலியேசா பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தினான். அதுதான் சைகை என்று நினைத்துத் தோரிகா தூக்கினாள். அவர் ஒரு பக்கமாகச் சரிந்து, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே முழங்காலில் போய் இறங்கினார். எலும்பு எதுவும் உடையவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது.

உனைசி இருவரையும் கூடத்தில் நிறுத்தினார்.

"யார் எண்ணினது?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு ரெண்டு மூணு சொல்லத் தெரியாதா? கழுதைக்குக் கத்துக்குடுத்திருந்தா அதுகூடச் சொல்லும்."

உனைசி இலியேசாவின் முகத்தையும் தோரிகாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. "இலியேசா, உங்கப்பா பேர் என்ன?"

சொன்னான்.

"தோரிகா, உங்கப்பா?"

"அவரோட தம்பி" என்றாள் தோரிகா, கேட்டும் கேட்காத குரலில்.

உனைசி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தம்பி பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கைதான். அந்த மலைக் கிராமங்களில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒருவர் நுழைந்தால் மற்றவர் எழுந்து நகர்வார். பகையெல்லாம் இல்லை, மரியாதை. இருவர் பெயரிலும் அப்பா பெயர் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அவள் முன்னால் எண்ணுவது அவளுக்குக் கட்டளை போடுவதாகும் என்று அவன் வாயை மூடியிருந்தான். அவளும் அதேபோல்.

"இசா" என்றார் உனைசி, ஐயோ பாவம் என்பதுபோல. "உங்க மேல தப்பில்ல. கேக்காம ஜோடி சேர்த்தது நான். போங்க."

ஜோடியைப் பிரித்துப் போடுவது சுலபம். ஷியு சரணுக்கு அது உதவவில்லை. யார் பக்கத்தில் வந்தாலும் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க. செத்தாலும் இங்கயே சாகறேன்." வாரம் நகர நகர அவர் மூச்சில் மறுபடி ஒரு கரகரப்பு கேட்கத் தொடங்கியது. நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு உனைசியைப் பார்த்தார். உனைசி தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மத்தியானம் வகுப்பு நடக்கவில்லை. உனைசி கட்டிலருகே போய் உட்கார்ந்து, ஷியு சரணின் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆஜா, ரயில் எப்பக் கிளம்பணும்னு யார் சொல்லுவாங்க?"

"நான்தான். வேற யாரு?"

"பின்னால இருக்கிற கரும்பெல்லாம் சும்மா இருக்குமா?"

"கரும்பு என்ன பேசும்? பைத்தியமா நீ?"

"நாங்க உங்களைக் கரும்பு மாதிரி ஏத்திட்டோம். இனிமே எண்ணிக்கை நீங்க சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் யாரும் உங்களை அசைக்க மாட்டாங்க."

அவர் யோசித்தார். "நான் சொல்லலைன்னா?"

"நின்னுகிட்டே இருப்போம்."

"சாயங்காலம் வரைக்கும்?"

"முட்டி வலிக்கும். நின்னுதான் ஆகணும்."

அது அவருக்குப் பிடித்துப்போனது என்று முகத்திலேயே தெரிந்தது. "அப்ப அந்தத் தடிப்பயலும் அந்தப் பொண்ணும் வரட்டும். என்னைப் போட்டவங்களே எடுக்கணும்."

உனைசி இதை எதிர்பார்க்கவில்லை. வேறு இருவரைச் சொல்லிப் பார்த்தார். கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் உனைசி வராந்தாவுக்குப் போய் இலியேசாவிடம் தனியாகப் பேசினார். பிறகு சமையலறைக்குப் போய்த் தோரிகாவிடம். என்ன சொன்னாரோ தெரியாது. இருவரும் வெவ்வேறு வாசல் வழியாக வந்தார்கள்.

பட்டை கட்டினார்கள். கால் அகட்டினார்கள். இலியேசா ஜன்னலையும் தோரிகா சுவரையும் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் ஒரு சொல் பேசத் தேவையில்லாமல் இருவர் நடுவிலும் அந்தக் கிழவர் இருந்தார். அவர் விரல் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டது.

"ஏக்" என்றார் ஷியு சரண்.

இருவர் முழங்காலும் மடங்கின.

"தோ."

அதோடு நிறுத்திக்கொண்டார். வெளியே ஒரு பேருந்து போனது. இலியேசாவின் தொடை நடுங்கியது. நான் உனைசியைப் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்கு ஒரு விரலும் நீளவில்லை.

"பொண்ணே, அந்தக் காலை இன்னும் கொஞ்சம் பின்னால வை" என்றார் கிழவர். "உங்க டீச்சர் தினம் கத்துறது இங்கவரைக்கும் கேக்குது. உனக்குக் கேக்கலையா?"

தோரிகா காலைப் பின்னால் வைத்தாள்.

"தீன்."

அவர் எழுந்தார். அவர்கள் எழுப்பினார்கள் என்று சொல்வதைவிட அதுதான் சரி. மூன்று பேரும் ஒரே மூச்சில் எழுந்து, திரும்பி, இறங்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் இருமினார். நன்றாக, ஆழமாக, சளி பெயர இருமினார். நர்ஸ் சந்தோஷப்பட்டார்.

இலியேசா வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "டீச்சர், இவர் ரெண்டுலயே நிறுத்துறாரு. இது நியாயமா?"

"அவர் உடம்புடா" என்றார் உனைசி. "மூணை அவர் வச்சுக்கட்டும்."

இப்போது எங்கள் இல்லத்தில் எல்லாரும் தங்களுக்குத் தாங்களே எண்ணிக்கொள்கிறார்கள். பேச முடியாதவர்கள் கண்ணை மூடித் திறக்கிறார்கள். புதிய வகுப்பு வந்தால் உனைசி முதலில் அப்பா பெயரும் ஊரும் கேட்கிறார்; எதற்கென்று கேட்டால், தான் ஒருவரை விழவைத்த கதையைச் சிரிக்காமல் சொல்கிறார். ஷியு சரணை மட்டும் திட்டிக்கொண்டே இருக்கிறார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அவர் இப்போது வானிலையையும் கரும்பு விலையையும் பேசத் தொடங்கிவிட்டார். குனிந்து நிற்கும் இருவரும் "ஆமா ஆஜா, ஆமா ஆஜா" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.