நளன் குளத்தில் விடாத பனியன்

இந்த ஊர் நூலகத்தில் கத்தலாம். சத்தியமாகத்தான் சொல்கிறேன். முதல் மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. உள்ளே பெரிய திரை, சோபாக்கள், வீடியோ கேம் பெட்டி. கதவைச் சாத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் வந்து உதட்டில் விரல் வைக்க மாட்டார்கள். விளையாட்டும் புத்தகம் மாதிரிதான், வேண்டுமானால் இரவலாக வீட்டுக்கும் எடுத்துப் போகலாம் என்று நூலகர் அம்மாள் சொன்னபோது எனக்குக் காரைக்கால்தான் ஞாபகம் வந்தது. கல்லூரி விட்டு, எங்கள் ஊர் அம்பகரத்தூருக்குப் பஸ் வரும்வரை நான் ஒரு நூலகத்தில் போய் உட்காருவேன். நாற்காலியைக் கொஞ்சம் இழுத்தாலே எல்லாத் தலையும் திரும்பும். "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்னம்மா இவ்வளவு நேரம்?" என்று பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருநாள் கேட்டார். "பரிச்சைங்க" என்றேன். பரீட்சை எல்லாம் எப்போதோ முடிந்திருந்தது.

பிரான்சுக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்து, மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காரைக்கால் பள்ளியில் படித்த பிரெஞ்சு போதும் என்று நினைத்து விமானம் ஏறிய ஆள் நான். அந்தப் பிரெஞ்சில் பாடம் ஒப்பிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியோடு பேச முடியாது. முதல் குளிர்காலத்தில் வேலை, அறை, வேலை என்றே போனது. மெதியாதெக் என்று இவர்கள் சொல்லும் இந்த நூலகத்துக்குள் நான் நுழைந்ததே உள்ளே வெதுவெதுப்பாக இருந்ததால்தான்.

கண்ணாடிக் கதவில் ஒரு வானவில் ஒட்டியிருந்தது. குழந்தைகள் பகுதி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் உள்ளே தடித்தடி ஆட்களாக உட்கார்ந்திருந்தார்கள். நூலகர் அம்மாளிடம், "குழந்தை இல்லாதவர்களும் வரலாமா?" என்று கேட்டேன். அவர் முகம் இளகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கே யாரும் உங்களை அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்" என்றார். என்னத்துக்கு இந்தப் பரிவு என்று புரியாமலே உள்ளே போனேன்.

அது ஒரு சமையல்கட்டு விளையாட்டு. நாலு பேர் சேர்ந்து சமைக்க வேண்டும். ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் தட்டுக் கழுவ, ஒருவர் அடுப்பைப் பார்க்க, தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டும். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பதற்றத்தில் என் பிரெஞ்சு எங்கே போனதோ! "அடியே, தட்டு எங்க? சீக்கிரம், சீக்கிரம்!" என்று தமிழில் அலறினேன். பக்கத்தில் இருந்த, முடியைக் குட்டையாக வெட்டிய பெண், என்ன புரிந்ததோ, சரியாகத் தட்டை நீட்டினாள். அவள் நொயெமி. பக்கத்து நகரத்தில் டிராம் ஓட்டுகிறாள். அடுத்த வாரமே எல்லோரும் "சீக்கிரம்" என்று கத்தக் கற்றுக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து, குழுவில் இருந்த பாப்தீஸ்த் பேச்சுவாக்கில் "என் கணவர்" என்றான். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் திரையில் பாத்திரம் கருகியது. அப்போதுதான் அந்த வானவில் குழந்தைகளுக்கானதல்ல, ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்குமான அடையாளம் என்று உறைத்தது. அன்று குளிருக்குப் போட்டு வந்த கோட்டைக்கூட மறந்துவிட்டு வெளியே ஓடினேன். அவர்களைப் பார்த்துப் பயம் இல்லை. என்னைப் பார்த்துத்தான் பயம்.

ஊரில் தம்பியின் போனில் திருட்டுத்தனமாக விளையாடிய நாட்களில் என் பெயர் கார்த்தி. பெண் பெயர் வைத்தால் கண்டவனும் மெசேஜ் போடுவான் என்று வைத்த பெயர். அந்த ஆன்லைன் விளையாட்டுக் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள், முகம் தெரியாது. அவளுக்குக் கார்த்தி ஒருநாள், "உன் குரல் கேட்டா அன்னிக்கு முழுக்க நல்லா இருக்கு" என்று எழுதினான். ஆணாக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. அந்த ஒரு வரியைச் சொல்ல ஓர் ஆண் பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். இங்கே அது தேவைப்படவில்லை. இரண்டு வாரம் அறைக்குள் புழுங்கிவிட்டுத் திரும்பப் போனேன். நொயெமி என் கோட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் அவள் "ரூம்ல கூட இருக்கற புள்ள".

அம்மாவுக்கு என் கல்யாணத்தைத் தவிர வேறு கவலை கிடையாது. ஏழரைச் சனிதான் தடுக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் தெரியும்: திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். துணியோடு சனியும் போய்விடும். "நீ வர முடியாட்டி பரவால்ல. உடுத்துன துணிய தொவைக்காம அனுப்பு, ஒனக்காக நான் முழுகிட்டு விட்டுடுறேன்" என்றாள் அம்மா. வாதாட எனக்குத் தெம்பில்லை. ஊருக்குப் போன ஒரு காரைக்கால் அக்காவிடம், நாற்காலியில் கிடந்த மஞ்சள் சுடிதாரை அள்ளி, பையில் திணித்துக் கொடுத்துவிட்டேன்.

அன்று இரவு உடுத்திப் படுக்கப் பனியனைத் தேடினேன். காணவில்லை.  எங்கள் குழு நூலகப் போட்டிக்காக அடித்த பனியன் அது. முதுகில் தமிழில் "சீக்கிரம்". நெஞ்சில் ஒரு படம்: சடை போட்ட பெண்ணும் முடி வெட்டிய பெண்ணும் ஒரே வாணலியைப் பிடித்திருப்பார்கள், ஆவி வானவில்லாக எழும், நடுவில் ஒரு சிவப்பு இதயம். பாப்தீஸ்த் வரைந்தது, குருடனுக்குக்கூட எங்களை அடையாளம் தெரியும். சுடிதாருக்குள் சுருண்டு அதுவும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

"ஏன்டி, ஒரு துணிதானே கேட்டேன். பனியன் ஒண்ணும் வந்துருக்கு."

"தம்பி பாத்தானா?"

"அவன் ஹார்பர்லேர்ந்து வர்றதுக்குள்ள எடுத்து வச்சுட்டேன். இதையும் கொளத்துல விட்டுடவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. பழைய பனியன், தூக்கிப் போடு என்றிருந்தால் எல்லாம் பழையபடி நடந்திருக்கும். ஆனால் தலைமுழுகும் சனியோடு நொயெமியும் நானும் அந்த ஈரத்துணிக் குவியலில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வேணாம்மா. சுடிதார விட்டுடு. அது சனி இல்ல."

 அம்மாவுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு டிவி கேட்டது.

"சட போட்டுருக்கறது நீதானே?"

"ஆமாம்மா."

"இன்னொண்ணு, ஒன் ரூம்ல இருக்கற அந்த முடி வெட்டுன புள்ளையா?"

"ஆமா."

போனை வைத்துவிட்டாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மா திட்டினால் தாங்கலாம், அழுதால்கூட ஏதாவது சொல்லித் தேற்றலாம். பேசாமல் இருந்தால், இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது? அந்த ராத்திரி எனக்கு அம்மா இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. நொயெமி, "உன் அம்மா கோபமா?" என்று கேட்டாள். "குளத்துக்குப் போகிறாள்" என்றேன். அவள் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தாள். சாகப் போகவில்லை, குளிக்கப் போகிறாள் என்று விளக்குவதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை இங்கே நூலகம் திறந்ததும் போய்விட்டோம். நொயெமி அவளுடைய பனியனைப் போட்டிருந்தாள். விளையாட்டில் என் கை ஓடவில்லை. மூன்று முறை அடுப்பு பற்றி எரிந்தது. போன் அடித்ததும் வெளியே வந்தேன். வீடியோவில் அம்மா. தலை இன்னும் ஈரம், கண் சிவந்திருந்தது. எண்ணெயாலா அழுகையாலா, தெரியவில்லை.

"போயிட்டு வந்துட்டேன். சுடிதார விட்டாச்சு."

"அது?"

அம்மா கொல்லைப்பக்கம் நடந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். கொடியில் அப்பாவின் வேட்டிக்கும் அவள் புடவைக்கும் நடுவே என் பனியன். துவைத்திருந்தாள்.

"அந்தப் புள்ள பக்கத்துல இருக்கா?"

"உள்ள இருக்கா. காட்டவா?"

"இப்பக் காட்டாத" என்றாள். பிறகு மெதுவாக, "இன்னொரு நாளு பாக்குறேன்" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். பனியனை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டிருந்தாள். முதுகிலிருந்த "சீக்கிரம்" இடவலம் மாறிய நிழலாகத் தெரிந்தது, படம் தெரியவில்லை. தம்பி பார்த்துவிடக் கூடாது என்றா, பக்கத்து வீட்டார் கண்ணுக்கா? 

"வெயில்ல சாயம் போயிருமுல்ல, அதான் திருப்பிப் போட்டேன்" என்றாள் அம்மா, தானாகவே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நொயெமி எனக்குக் கையாட்டினாள், அவள் நெஞ்சில் நாங்கள் இருவரும் வாணலியைப் பிடித்திருந்தோம். போனில், அம்பகரத்தூர் வெயிலில், அதே நாங்கள் உள்பக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தோம்.