பாதி வழியில் குறைந்த பாட்டரி

அப்பாசாமிக்கு மலையில் சுமை தூக்கும் வேலை. அன்று கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. உப்பானாலும் துணியானாலும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஆள் தலையில்தான் ஏறி வரவேண்டும். அவனுக்கு நாற்பதை ஒட்டிய வயது. மனைவி அம்மை கண்டு இறந்து பல வருஷமாகிவிட்டது, பிள்ளை இல்லை. மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் ஒரு குடிசையும் கொஞ்சம் சாமைக்காடும் இருந்தன. ஏற்றத்தில் மற்றவர்கள் மூச்சுக்குத் திணறும்போது, அவன் கரடி பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே நடப்பான்.

யுத்த காலத்தில் மலைமேல் செம்மேட்டில் அர்த்தனாரி என்ற ரிடையரான காட்டிலாகா ரேஞ்சர் குடியிருந்தார். அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். சண்டைச் செய்தி கேட்பதற்காகவே அவர் ஒரு ரேடியோ வாங்கினார். மலையில் கரண்ட் ஏது? மோட்டார் காருக்கு வைப்பது போன்ற கனத்த பாட்டரியில் ஓடும் ரேடியோ அது. பாட்டரி தீர்ந்தால் நாமக்கல்லுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். அந்த வேலை அப்பாசாமிக்கு வந்தது.

புதுப் பாட்டரியை அவன்தான் முதன்முதலில் சுமந்து வந்தான். ‘முழு சார்ஜ்’ என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்திருந்தார். ஆனால் சில நாளிலேயே, பர்மாச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது குரல் தேய்ந்து நின்றுவிட்டது. அர்த்தனாரி பெட்டியைத் தட்டினார், திருகினார், பிறகு அதன் முன்னாலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுபடி சார்ஜ் ஏற்றி வந்தபோது, பாட்டரித் திராவகத்தை உறிஞ்சிப் பார்க்கும் கண்ணாடிக் குழாயையும் வரவழைத்திருந்தார். சார்ஜ் முழுதாக இருந்தால் குழாய்க்குள் இருக்கும் மிதப்பு உயர்ந்து நிற்கும். அது பாதிக்குமேல் எழவில்லை.

“கடைக்காரன் ஏமாத்தறான். அடுத்த தடவ நானே வாரேன்” என்றார்.

“மலை எறங்கி ஏறோணுமே சாமி, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?” என்றான் அப்பாசாமி. கூலியைக்கூட எண்ணிப் பார்க்காமல் கிளம்பிவிட்டான்.

சொன்னபடியே அவர் நாமக்கல் போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டார். சார்ஜ் ஏறியதும் கடைக்காரர் அவர் கண்ணெதிரே குழாயை வைத்தார். மிதப்பு ஜம்மென்று உயர்ந்து நின்றது. “இங்கிருந்து இப்படித்தானுங்க போகுது. வழியில என்ன ஆகுதோ, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் கடைக்காரர். அப்பாசாமி பாட்டரிப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடிக்க முன்னால் நடந்தான்.

காரவள்ளிக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலை ஜனங்கள் அங்கே இரவு தங்குவது செங்கோடன் வீட்டில். மலையிலிருந்து இறங்கி வந்து குடியேறிய குடும்பம் அது. அவருடைய மகள் கண்ணாயி, புருஷன் இறந்தபின் அப்பனிடமே திரும்பி வந்தவள். தென்னை ஈர்க்கில் வீடு கூட்டும் சீமாறு கட்டி, சந்தைக்குக் கொடுத்துப் பிழைத்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் ஈர்க்குக் கட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஏனுங்க, இன்னிக்கு வெளக்குப் போடலீங்களா?”

அப்பாசாமி பாட்டரிப் பெட்டியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கூரையின் வாரிக் கம்பில் பழைய பஸ் விளக்கின் பல்பு ஒன்று ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“பாட்டரி கொறையறது இதுலதானா?” என்றார் அர்த்தனாரி.

“மண்ணெண்ணெ எங்கீங்க கெடைக்குது? இருட்டுல கட்டி இவ கையெல்லாம் ஈர்க்குக் குத்திக் கெடந்துது. படுக்கப் போற வரைக்குந்தானுங்க... இவ்வளவு கொறையும்னு நெனைக்கலீங்க” என்றான் அப்பாசாமி.

“என் பையன் சண்டையில இருக்கான். சேதி பாதியில நின்னுபோனா எனக்கு எப்படி இருக்கும் அப்பாசாமி?”

அவர் குரலை உயர்த்தவில்லை. அப்பாசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாயி ஈர்க்குக் கட்டைக் கீழே வைத்தாள்.

“பட்டாளத்துப் பையன் சேதி கேக்கற சாமானுங்களா? இவுரு சொல்லவே இல்லீங்க. எனக்கு வெளக்கே வேண்டாமுங்க.” எழுந்துபோய் அந்தப் பல்பை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அடுப்பு வெளிச்சத்தில் களி போட்டாள். தட்டைக் கையால் தடவிப் பார்த்துத்தான் வைத்தாள். அவள் விரலில் துணி சுற்றியிருந்ததை அர்த்தனாரி கவனித்தார். எதிரே அப்பாசாமி சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்தார். அவருடைய கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

விடிந்ததும் செங்கோடனைத் தனியே அழைத்தார். “இவனுக்குப் பெரியவங்க யாருமில்ல. நான் கேக்கறேன். உம்ம மகளக் குடுப்பீரா?”

செங்கோடன் சிரித்துவிட்டார். “அவன் வாயத் தொறந்து கேட்டிருந்தா எப்பவோ குடுத்திருப்பேனுங்க. ஊருப்பட்டது பேசறான், இத மட்டும் பேசமாட்டேங்கறான். புள்ளயுங் காத்துக்கிட்டுத்தான் இருக்கறா.”

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக அர்த்தனாரிதான் முன்னால் நின்றார். கண்ணாயி மலையேறி வந்து குடிசைக்குப் பின்னால் மரவள்ளி நட்டாள். ஒருநாள் அவளையும் ரேடியோ கேட்க உட்காரவைத்தார்கள். சிறிது நேரம் கேட்டாள். “நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மாட்டுக்குத் தண்ணி வெக்கோணும், வாரேனுங்க” என்று எழுந்து போய்விட்டாள். ஆனால் அப்பாசாமி செம்மேட்டுப் பக்கம் போய்வரும்போதெல்லாம், பட்டாளத்துப் பையனைப் பற்றிச் சேதி உண்டா என்று மறக்காமல் கேட்பாள்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் பையன் திரும்பினான். ஆள் இளைத்திருந்தானே தவிர, கைகால் பத்திரமாக இருந்தது. காரவள்ளியில் எதிர்கொண்டு அழைக்கப் போனது அப்பாசாமிதான். கண்ணாயி கட்டிக்கொடுத்த சோற்று மூட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு, பட்டாளத்து இரும்புப் பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டான். செம்மேட்டில் இருப்புக்கொள்ளாமல் அர்த்தனாரி பாதி மலை இறங்கி வந்து நின்றிருந்தார். மகனைக் கண்டதும் எட்டி நடந்து வந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பாசாமி பெட்டியை ஒரு பாறைமேல் இறக்கிவைத்தான். பீடி பற்றவைக்கிற சாக்கில் வளைவைத் தாண்டிப் போய், அவர்கள் கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.