ஆல்டோ வரிசையில் என் மகள்

மகளின் பள்ளி ஆண்டு விழாவில் சேர்ந்திசை உண்டு, நடுவில் ஒரு பெண் தனியாகப் பாட நான்கு வரி உண்டு என்று கேள்விப்பட்டதுமே, அது எங்கள் வீட்டுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள் நான். திருச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு வேலை மாறி வந்தபோது, கட்டில் பீரோ வந்து சேருமுன்பே ஹப்சிகுடா வீட்டில் சுருதிப்பெட்டி ஒலித்தது. ஆனால் அந்த நான்கு வரியும் அவளுடைய வகுப்புத் தோழிக்குப் போயிற்று. என் மகளைப் பின்வரிசையில், ஆல்டோ என்று ஏதோ ஒரு குரல் பாடுகிறவர்களோடு நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. தோழியின் குடும்பம் தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். இப்போது மௌலா அலியில் வீடு. அந்தப் பெண் ஒரு சரளிவரிசைகூடப் பாடியதில்லை. பள்ளி வாசலில் அவளுடைய அம்மாவிடம், எங்கே பயிற்சி என்று மெல்லப் போட்டுவாங்கப் பார்த்தேன்.

"பயிற்சியெல்லாம் நக்கோக்கா, ஒண்ணும் கெடயாது. சர்ச்சுல எங்ககூட நின்னு பாடுவா, அவ்ளோதான்" என்றாள்.

பெருமையடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த 'அவ்ளோதான்' இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரம் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் கூடத்தில் பாடிப் பார்த்தாள். பள்ளி அனுப்பிய பாட்டு எனக்கு மனப்பாடம். இவள் பாடியதோ அதோடு ஒட்டாமல் கீழே கீழே போயிற்று. பின்வரிசையில் நின்று காதும் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, சுருதிப்பெட்டியைப் போட்டு, அவளை உட்காரவைத்து வரிவரியாகத் திருத்தினேன். மிஸ் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்று முனகினாள். மிஸ்ஸுக்குக் காது இல்லாவிட்டால் நமக்கு இருக்கிறதே என்றேன். சனி ஞாயிறு முடிவதற்குள் பிசிறில்லாமல் பாடிவிட்டாள். இதை மிஸ் ஒருமுறை கேட்டால் தனி வரிகள் கைமாறிவிடும் என்ற நப்பாசையும் எனக்கு இருந்தது.

மிஸ் கேட்கத்தான் செய்தார். ஆல்டோ வரிசையில் ஒருத்தி மட்டும் முன்வரிசையின் மெட்டைக் கணீரென்று பாட, ஒத்திகை நின்றுபோயிற்று. சரியாகப் பாடாவிட்டால் மேடை கிடையாது என்று சொல்லியனுப்பிவிட்டார்.

மகள் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள். "ஆல்டோன்னா வேற மெட்டும்மா. ரெண்டும் சேந்தாதான் பாட்டு. யூ டோண்ட் நோ திஸ். இனிமே நீ சொல்லித்தராத."

எல்லோரும் ஒரே மெட்டில் பாடுவதைத்தான் நான் பாட்டு என்று படித்தவள். விலகினால் எங்கள் வீட்டில் அதற்கு அபஸ்வரம் என்றுதான் பெயர்.

அதன்பிறகு பள்ளி விட்டதும் இரண்டு பெண்களும் தோழியின் மௌலா அலி வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் நான் ஸ்கூட்டியில் போய் மகளைக் கூட்டிவருவேன். மாடிப்படியிலேயே கேட்கும்: அந்த அம்மா ஆல்டோ பாட, என் மகள் கூடவே பாடுவாள், தப்பினால் சிரிப்பாள். என்னிடம் பாடும்போது அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. பாட்டு முடியும்வரை பொறுக்காமல் மணியை அழுத்துவேன். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னால், நேரமில்லை என்பேன்.

விழா அன்று தோழியின் அம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மகள் தனியாகப் பாடியபோது, எங்காவது சுருதி விலகாதா என்று காத்திருந்தேன். விலகவில்லை. பிறகு எல்லா வரிசைகளும் சேர்ந்துகொண்டன. என் மகளின் வாய் அசைவது தெரிந்தது. அத்தனை குரல்களுக்கு நடுவில் அவள் குரலைத் தேடினேன். பிறந்த அன்று அழுததிலிருந்து நான் கேட்டுவரும் குரல், எங்கேயும் அகப்படவில்லை.

பக்கத்தில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் என் கையைத் தொட்டாள். "இப்ப கீழ எறங்குது பாருங்கக்கா, அது உங்க பொண்ணு."

கேட்டுவிட்டதுபோலத் தலையாட்டினேன்.