கல்வராயன் அடிவாரப் புல்வெளிக்கு ஆறு வேப்பங்கன்றுகள்

அம்மா போய் இந்த ஆடியோடு ஒரு வருடம். அவள் பெயரில் ஆறு வேப்பங்கன்று நடுவது என்று முடிவு செய்திருந்தேன். விழுப்புரத்தில் என் வாடகை வீட்டில் துளசிக்கே இடமில்லை. முன்பு கல்வராயன் மலைக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்த அடிவாரப் பொட்டல் நினைவுக்கு வந்தது. அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது என்று போன ஞாயிறு விடியுமுன்பே கிளம்பிவிட்டேன்.

காலை 7.10க்குக் கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை, கன்றுப் பைக்கு மட்டும் பத்து ரூபாய். சுமார் 15 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அங்கிருந்து ஆட்டோ, காத்திருப்போடு போகவர 350 ரூபாய். ஓட்டுநர் முருகேசன் பைக்குள் எட்டிப் பார்த்து, "அங்க மரம் வராதுங்களே" என்றார். நான் முறைத்ததும் பேச்சை விட்டுவிட்டு, வழியில் தெரிந்த வீட்டில் ஒரு கடப்பாரை வாங்கிக் கொடுத்தார்.

நான் பொட்டல் என்று நினைத்தது பொட்டலே இல்லை. இரண்டு மழை பெய்திருந்தது. முழங்காலுக்குக் கீழான புல், மேற்கே மலை எழும்புகிற இடம் வரைக்கும். நெல்லும் கரும்பும் வாய்க்கால் முடிகிற இடத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேற்கே சரளை கலந்த செம்மண், அதுவும் ஒரு சாண்தான், கீழே பாறை. அந்த ஒரு சாணில் பிழைக்கத் தெரிந்தது புல். ஊசிப்புல் புடவை முழுக்கக் குத்திக்கொண்டது. ஆடுகள் விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப்புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. நான் மெய்ம்மறந்து ரசித்தேன், ரசித்துவிட்டு அதையே தோண்டினேன். புத்திசாலி!

மூன்றாவது குத்தில் கடப்பாரை பாறையில் மோதியது. சத்தம் கேட்டு, நாற்பது செம்மறிகளோடு ஒரு பெண் வந்தார். பெயர் செல்வி, என் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"மரம் நடறேங்க. நல்லதுதானே?"

"நீங்க நட்டுட்டுப் போயிடுவீங்க. அப்பால ஆடு கடிக்குதுன்னு வேலி போட்டுடுவாங்க. அந்தாண்ட அப்படித்தான் ஆச்சு. மரத்து நெழல்ல இந்தப் புல்லு மொளைக்கவே இல்ல. குட்டி போட்ட ஆட்டுக்கு இங்க மேஞ்சாதான் பால் ஊறுது. வேற எங்க ஓட்டிக்கினு போவேன்?"

கோபமே இல்லாமல் சொன்னார். பிறந்து ஒரு வாரமான குட்டி ஒன்று அவர் கணுக்காலை முட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அம்மா பேர்ல வைக்கலாம்னு வந்தேன். தவறி ஒரு வருஷமாச்சு" என்றேன்.

செல்வி குழியை எட்டிப் பார்த்தார். "அம்மாவுக்குன்னா வச்சிக்குங்கக்கா. நான் ஆட்ட அப்பால ஓட்டிக்கிறேன்" என்று மந்தையைத் திருப்பத் தொடங்கினார்.

அதன்பிறகு எப்படி நடுவது? குழியை மூடி, பெயர்த்த புல்லை மண்ணோடு திரும்ப வைத்து அழுத்தினேன். கன்றுக்கென்று கொண்டுபோன தண்ணீரை அந்தப் புல்லுக்கே ஊற்றினேன். முருகேசன் காலால் ஓரத்தை மிதித்துவிட்டார். நல்ல மனிதர், "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை இல்லை. ஐந்து கன்றுகளைத் தன் தெருவுக்கு எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு எனக்குக் குடுங்க. எங்க வூட்டாண்ட மண்ணு ஆழம்" என்றார் செல்வி. "அம்மா பேரு இன்னா?"

"காமாட்சி."

"காமாட்சி" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது. ஊசிப்புல்லைப் பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்குப் பிந்தைய வாரங்கள்தான் அழகு. நிழலே கிடையாது, பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். கடை இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். காலி கவர்களைத் திரும்ப எடுத்து வாருங்கள், ஆடு தின்றுவிடும். சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்துக் கன்றோடு போகாதீர்கள். அங்கே நாற்பது செம்மறிகளோடு செல்வியைப் பார்த்தால், காமாட்சி எப்படி இருக்கிறாள் என்று எனக்காக ஒரு வார்த்தை கேளுங்கள்.