சொக் மாற்றிய வருடம்

என்னிடம் இருந்தது டர்போ எஞ்சின் பூட்டிய, நாலு கதவுள்ள பழைய ஜப்பான் கார். புதுக் கார் வாங்க வழியில்லாத நாட்டில் பழையதைத்தானே சீவிச் சிங்காரிக்கலாம். குலுக்கலைத் தாங்கும் முன் சொக் இரண்டும் எண்ணெய் கசியத் தொடங்கியபோது எனக்குக் கவலை வரவில்லை. மாற்றுவதற்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அதே மாதத்தில்தான் அப்பாவின் முதுகு முள்ளந்தண்டில் புற்றுநோய் பரவியிருப்பதாக டொக்டர் சொன்னார். மாதம் ஒரு ஊசி போட்டால் கொஞ்சக் காலம் இழுத்துக்கொண்டு போகலாம், ஒன்றையும் தவறவிடக்கூடாது என்றார். கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு அவரை ஏற்றிப் போவது என் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், அந்த மாதம் முழுக்க நான் சொக்கைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

மூன்று வழிகள் இருந்தன. கம்பனி போட்டது போலவே மெத்தென்ற சொக். கொஞ்சம் இறுக்கமான சொக்கும் கட்டையான ஸ்பிரிங்கும். அல்லது உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே திருகி மாற்றக்கூடிய முழு செற். வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வளைவில் கார் சாயக்கூடாது, பிரேக் அடித்தால் மூக்குக் குத்தக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சுன்னாகத்தில் இருந்த மெக்கானிக் என்னைவிட இளையவர். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"காருக்குள்ளை ஆர் ஆர் ஏறுறது, அண்ணை?"

"நான்தான் ஓடுறது."

"அதைக் கேக்கேல்லை. பக்கத்திலை, பின்னுக்கு ஆர் இருக்கிறது?"

"ஒருத்தருமில்லை. நீர் வேலையைப் பாரும்."

"உங்கடை ஊர் ஒழுங்கையளுக்கு அந்த மூண்டிலை நடுவிலை உள்ளதே காணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் காருக்கு எது சரி என்று எனக்குத் தெரியாதா? முழு செற்றையும் பூட்டுவித்தேன். இறுக்கத்தைக் கூட்டி, காரை இரண்டு அங்குலம் பதித்தேன். வழுவழுப்பான ஏ9 காப்பெற் றோட்டில் கார் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு பறந்தது. ஆசை வெட்கமறியாது என்பார்கள். என் ஆசை தகப்பனையும் அறியவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அப்பாவை முன் சீற்றில் இருத்திக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து பெரிய றோட்டுக்கு வரும் ஒழுங்கை கல்லும் கிடங்குமாக இருக்கும். கதவுக்கு மேலிருந்த பிடியை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"எப்பிடியப்பா, புதுச் சொக்?"

"ஓம், நல்ல இறுக்கம். கார் வடிவா நிக்குது."

அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. நான் ஏசியைக் கூட்டிவிட்டேன்.

அதற்கடுத்த மாதம் அம்மாவும் கூட வந்தாள். சாவகச்சேரி தாண்டியதும் அப்பா நிற்பாட்டச் சொன்னார். சலம் போகவேண்டும் என்றார். இறங்கி, மதகுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஹோன் அடித்தேன். இன்றைக்கும் அந்த ஹோன் சத்தத்தை நினைத்தால் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

அன்று அம்மாவோடு டொக்டரிடம் போய்விட்டு வந்தவர், "இனி கொஞ்ச மாதத்துக்கு வரத் தேவையில்லையாம்" என்றார். அம்மா வேறு பக்கம் பார்த்தாள். கிளினிக் கொப்பி அவள் கையில்தான் இருந்தது. வாங்கிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆள் தேறிவிட்டார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அதிலிருந்து நாலாம் மாதம் அவருடைய வலது கால் இழுபடத் தொடங்கியது. ஒருநாள் காலையில் கிணற்றடியில் விழுந்தார். அதே காரில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். டொக்டர் கொப்பியைப் புரட்டினார். "மூண்டு ஊசி தவறியிருக்கு. ஏன் வரேல்லை?"

வெளியே வந்ததும் அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "உந்தக் காரிலை போய் வந்தால் மூண்டு நாள் எழும்பேலாது. முதுகை வெட்டி எடுக்கிற மாதிரி இருக்குதாம். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். நீ ஆசைப்பட்டுச் செய்ததாம்."

"ஒரு ஓட்டோ பிடிச்சிருக்கலாமே, அம்மா!"

"மகன் காரை வைச்சுக்கொண்டு தேப்பனை ஓட்டோவிலை விடுறான் எண்டு சனம் உன்னைக் கதைக்குமாம். மாட்டன் எண்டிட்டார்."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. என்னை அந்த வாயிலிருந்து காப்பாற்ற அவர் ஊசியை விட்டிருக்கிறார்.

அந்தக் கிழமையே மெத்தென்ற கம்பனிச் சொக்கைப் பூட்டுவித்தேன். மெக்கானிக் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அடுத்த கிளினிக்கில் டொக்டர், இனி ஊசியால் பலனில்லை, நோவுக்கு மட்டும் மருந்து தரலாம் என்றார்.

திரும்பி வரும்போது ஒழுங்கையில் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். அப்பா பிடியைப் பிடிக்கவில்லை. கைகளை மடியில் வைத்திருந்தார்.

"தம்பி, கார் இப்ப உயந்துபோய் நிக்குது. வடிவில்லை" என்றார். "என்ரை அலுவல் முடிஞ்ச பிறகு பழையபடி பதிச்சு விடு."

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ!" என்று கத்தினேன்.

வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். அதற்குப் பிறகு, சாகும்வரை, அவர் அந்தக் காரில் ஏறவில்லை.