என் மூச்சின் அளவு

உடற்பயிற்சி அறிவியல் படிக்கப் போகிறேன் என்றதும், நான் ஜிம் வைக்கப் போகிறேன் என்று நெல்லித்தோப்பில் எங்கள் தெருவே முடிவு கட்டிவிட்டது. எனக்கு ஜிம்மும் வேண்டாம், டீச்சர் வேலையும் வேண்டாம். ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓட்டத்தில் மாநில அணிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலிருந்தே ஓடுகிறேன், எப்போதும் மெடல் வாங்குகிறவர்களுக்கு அடுத்த ஆளாக வருவேன். உடம்பு வேலை செய்யும் விதத்தைப் படித்துவிட்டால் அந்தக் கொஞ்ச தூரத்தையும் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். அப்பாவும் நம்பினார். மேட்டுப்பாளையத்தில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் என் ஓட்டத்தைப் பற்றித் தெரியாத ஆளே கிடையாது.

இரண்டாம் வருடம் லேபில் எல்லோருக்கும் ஒரு பரிசோதனை வைத்தார்கள். முகத்தில் மாஸ்க் மாட்டி ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இனி முடியாது என்றால் கையைத் தூக்க வேண்டும். நம் உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடும். வகுப்பிலேயே ஓட்டக்காரி நான் ஒருத்திதான். கொஞ்சம் திமிரோடுதான் ஏறினேன்.

வந்த அளவு ரொம்பச் சாதாரணம். மாஸ்க் மூச்சை அடைத்தது, சீக்கிரம் கையைத் தூக்கிவிட்டேன் என்று பரிசோதனை நடத்திய மேடத்திடம் சண்டைக்கே போனேன். பாவம், அடுத்த வாரம் மறுபடி ஓடவிட்டார். கால் பின்னி விழப்போகும்வரை நான் கையைத் தூக்கவில்லை. அதே அளவுதான் வந்தது.

மேடம் உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். கடைசியில் வேகம் ஏறியும் ஆக்சிஜன் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது.

"நீ ஏமாத்தலம்மா. உங்கிட்ட இருந்தத எல்லாம் குடுத்துட்ட. இத்தன வருஷம் பயிற்சி எடுத்தாச்சு, இனிமே பெருசா ஏறாது."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தோற்றவர்கள் எல்லோருக்கும், இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்கிற ஆறுதலாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான் என் படிப்பு.

அந்த மாதமே உப்பளம் மைதானத்தில் அணித் தேர்வு. போகாமலே இருந்திருக்கலாம். அப்பா லீவு போட்டுவிட்டார், அதனால் போனேன். உயிரைக் கொடுத்து ஓடியும் அணியில் என்னை எடுக்கவில்லை.

திரும்பும்போது வண்டி சிக்னலில் நின்றதும் அப்பா சொன்னார்.

"விடும்மா. இன்னிக்கி நீ முழுசா ஓடல. நான்தான் பாத்தேனே."

திரையில் படுத்துக் கிடந்த அந்தக் கோட்டை அவருக்கு எப்படி விளக்குவேன்? அவருக்காவது ஆறுதல் இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஆமாப்பா, கால் கொஞ்சம் வலிச்சிது."

அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. வண்டியை நேரு வீதிப் பக்கம் திருப்பி, அடுத்த வருடத் தேர்வுக்கு இப்போதே நல்ல ஷூ வாங்கிவிடலாம் என்று ஒரு கடைக்குள் கூட்டிப்போனார். கடைக்காரர் அளவு கேட்டார். நான் காலை நீட்டினேன்.